சம்பா ஆபீசர்

1

போன வாரம் எங்கள் டவுன் கவுன்சிலில் ஒரு மத்தியானம் முழுக்க ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினோம். துரியான் தோல் குப்பையா, இல்லையா?

ஊரில் இருப்பவர்களுக்குத் துரியான் தெரியாது. பலாப்பழத்துக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாசனையைப் பற்றி எழுதினால் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். சீசன் வந்தால் இங்கே மூலைக்கு மூலை முள்ளுத் தோல் மலைபோலக் குவியும், லாரி போதாது. அது வீட்டுக் குப்பை, கவுன்சில்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு கட்சி. இல்லை, தோட்டத்து விளைச்சல், வியாபாரியே எடுத்துப் போகட்டும் என்று எதிர்க்கட்சி. கடைசியில் டீ வந்தது. டீ குடித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

நான் இருப்பது மலேசியாவில் பேராக் பக்கம் ஒரு சின்னப் பட்டணம். அக்கம்பக்கத்து மூன்று பட்டணங்களும் இடையில் உள்ள ரப்பர்த் தோட்டங்களும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தப் போகின்றன. யார் வீட்டில் என்ன குப்பை சேருகிறது, யார் அள்ளுகிறார்கள், எங்கே கொட்டுகிறார்கள், எப்படிக் குறைக்கலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வுக்கு முன்னால் ஆய்வுக்கு ஒரு திட்டம். திட்டத்துக்கு முன்னால் அதைப் போட ஒரு கமிட்டி. நம் ஊர் சர்க்காரும் இந்த ஊர் சர்க்காரும் ஒரே வெள்ளைக்காரனிடம் பாடம் படித்தவை அல்லவா? அந்தக் கமிட்டிக்குக் காரியம் பார்ப்பவன் நான். நாற்காலி போடுவது முதல் தமிழில் கேள்விகள் தயாரிப்பது வரை என் தலையில்.

கமிட்டியில் யார் யாரைச் சேர்க்கலாம் என்று எங்கள் செகரட்டரி கேட்டார். மலாய்க்காரர், தங்கமான மனிதர். "லாரியில் குப்பை அள்ளுகிறவர்களில் இரண்டு பேரைச் சேர்க்கலாம் சார்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன்?" என்று கேட்டார்.

"உபயோகமாக இருக்கும் சார்" என்று என்னமோ சொல்லி வைத்தேன். உண்மையான காரணத்தைச் சொல்ல என் ஆங்கிலம் பத்தாது. தமிழில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

2

தமிழ்க் கேள்வித்தாளுக்கு நான் எழுதிய முதல் வரி இது: "தங்கள் இல்லத்தில் நாள்தோறும் சேரும் கழிவுப் பொருட்கள் யாவை?" எனக்கே மார்பு விம்மியது. என் மகள் மலர்விழி எட்டிப் பார்த்தாள். பத்து வயது. இங்கே பிறந்தவள்.

"யாவைன்னா என்னாப்பா?"

"எவைன்னு அர்த்தம்மா."

"எவைன்னா?"

பேனாவைக் கீழே வைத்தேன். இந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டுகிற 'லா'வும் சேர்த்து அவளே தீர்ப்புச் சொன்னாள். "உங்க வீட்டுல என்னா சம்பான்னு போடுங்கலா. எல்லாருக்கும் புரியும்."

மலாய் மொழியில் குப்பைக்கு 'சம்பா' என்று பெயர். கடைசியில் கொஞ்சம் மூச்சு விடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சம்பா தொட்டி, சம்பா லாரி, சம்பா கொட்டும் காடு. முதன்முதலில் வந்தபோது கடைத்தெருவில் ஒருவர், "சம்பாவை இங்க கொட்டாதே!" என்று சத்தம் போட்டார். நெல்லைத் தெருவில் கொட்டுகிற பாவி யாரடா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

முசரவாக்கத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஏரித் தண்ணீரும் சம்பாப் பட்டமும்தான் எங்களுக்குக் காலண்டர். அப்பா அம்மா போன பிறகு நிலத்தை அண்ணன் வரதன் பார்த்துக்கொண்டார். என்னைக் காஞ்சிபுரத்தில் படிக்க வைத்து மாமாவின் கடைக்கு மலேயா அனுப்பியவரும் அவர்தான். மாமா மகளையே கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். அப்புறம் கவுன்சில் வேலை கிடைத்தது. எந்தப் பிரிவு என்று யார் கேட்டாலும் 'சம்பா பிரிவு' என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. அது தமிழ் இல்லை என்பதே எனக்கு மறந்துபோய், அந்த வாய்ப்பழக்கத்தில் அண்ணனுக்கும் அப்படியே எழுதிவிட்டேன்: 'சம்பா பிரிவில் உத்தியோகம். மூன்று பட்டணத்துச் சம்பாவும் எங்கள் கையில்.'

மூன்று பட்டணத்துச் சம்பா! அண்ணன் அதை ஊர் முழுக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்.

3

சில வருஷங்களுக்கு முன் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்த கதையே பெரிய கதை. விண்ணப்பம், அதற்கு மேல் ஒரு விண்ணப்பம், திரும்பி வருவேன் என்று ஒரு சத்தியம். மகள் பெயரை மூன்று ஆபீசில் மூன்று விதமாக எழுதினார்கள். கப்பல் ஏறும்வரை அவள் மூன்று பெண்ணாக இருந்தாள்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நாதஸ்வரம். யாருக்கோ கல்யாணம் என்று ஒதுங்கி நின்றேன். கூட்டம் என் பக்கமே வந்தது. பட்டுக்கடைப் பெட்டி அட்டைகளை ஒட்டித் தைத்து அதில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள்: 'மலேயா சம்பா ஆபீசர் அவர்களே வருக!' அண்ணன் என் கழுத்தில் மாலை போட்டுவிட்டுக் காதோடு கேட்டார்.

"வித எங்கடா?"

"எந்த விதை?"

"ஒரு மூட்ட எட்த்துக்கினு வான்னு எழ்தியிருந்தேனே!"

எழுதியிருந்தார்தான். நான் வேடிக்கை என்று நினைத்து விட்டுவிட்டேன். வண்டியில் போகும்போதுதான் விஷயம் தெரிந்தது. அண்ணன் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்கிறார். ஏணிச் சின்னம். எதிர்த்து நிற்பவர் ஏகாம்பரம், பணம் படைத்தவர், மூன்று கிணறு வைத்திருப்பவர். அண்ணனுக்குச் சொல்லிக்கொள்ள இருந்தது ஒன்றே ஒன்று, கடல் கடந்த சம்பா ஆபீசர் தம்பி. ஜெயித்தால் வீட்டுக்கு ஒரு படி மலேயா விதை என்று வாக்கு வேறு கொடுத்துவிட்டார். இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் தோற்றவர். இந்தத் தடவையும் போனால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க மாட்டேன் என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்க்க எனக்கு என்னமோ போலிருந்தது.

சம்பா என்றால் என்னவென்று அன்று இரவு சாப்பிட்டவுடன் சொன்னேன். அண்ணன் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "ஓட்டு முடியறவரிக்கும் வாயத் தெறக்காதபா" என்றார். அண்ணி சரோஜாவும் அதையேதான் சொன்னாள். நானும் சரியென்று தலையாட்டினேன்.

மகளிடம் யாரும் சொல்லவில்லை.

4

இங்கே கமிட்டியில் அடுத்த தகராறு, எந்த வாரத்தில் ஆய்வு செய்வது என்பது. சாதாரண வாரத்தில் செய்தால்தான் கணக்கு நியாயமாக இருக்கும் என்றார் பக்கத்துப் பட்டணத்துக்காரர். தைப்பூசத்தன்று தெருவில் உடைக்கிற தேங்காயை யார் கணக்கில் எழுதுவது என்று நான் கேட்டேன். சீனர் ஒருவர், "எங்கள் புதுவருஷப் பட்டாசுக் காகிதம்?" என்றார். உடனே நோன்புப் பெருநாளும் வந்து சேர்ந்தது. எல்லா மதமும் குப்பையில் ஒற்றுமையாக இருக்கிறது.

எனக்குக் கருடசேவைக்கு மறுநாள் காஞ்சிபுரம் ஞாபகம் வந்தது. ராஜவீதிகளில் கணுக்கால் வரை எச்சில் இலை, மாலை, விசிறி மட்டை. பள்ளிக்கூடத்துக்கு நான் போகிற முதல் பஸ்ஸில் எங்கள் ஊர்க் காலனியிலிருந்து முனியம்மா ஏறுவாள். நகராட்சியில் துப்புரவு வேலை. நீளத் துடைப்பத்தைச் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டுக் கடைசியில் நிற்பாள். சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். அந்தக் காலத்தில் அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். நான் புத்தகத்தைத் திறந்தவுடன் தூங்கிவிடுவேன். ஸ்டாப்பிங் வந்தால் பின்னாலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏ சின்னவரே! பட்சிக்கினே தூங்கறியா, தூங்கிக்கினே படிக்கிறியா? எறங்கு, எறங்கு!"

பஸ்ஸே சிரிக்கும். அவள் இல்லாவிட்டால் நான் பாதி நாள் பள்ளிக்கூடம் தாண்டித்தான் இறங்கியிருப்பேன்.

5

தேர்தலுக்கு நாலைந்து நாள் இருக்கையில், அண்ணன் வீடு வீடாகக் கும்பிடு போட்டுக்கொண்டு போனார். நானும் மாலையும் கழுத்துமாகப் பின்னால். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதிரே ஒரு மாட்டுவண்டி. வயலுக்குக் குப்பை அடிக்கிற வண்டி. எங்கள் பக்கத்தில் குப்பை என்றால் எருவும்தான். எவன் வீட்டுக் குப்பைமேடு உயரமோ அவன் வீட்டில் பெண் கொடுப்பார்கள். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள்.

"அப்பா! சம்பா வண்டி! சம்பா வண்டி!"

வண்டிக்காரர் சிரித்தார். "சம்பா இல்ல பாப்பா, இது குப்ப."

"ஆமா, அதான் சம்பா! எங்கப்பா இதுக்குத்தான் ஆபீசர்! லாரி லாரியா இருக்கும்!"

தெருவே நின்றது. ஏகாம்பரத்தின் மைத்துனர் அங்கேதான் ஒரு வீட்டு வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலத்துக்குள் ஏரிக்கரை வரை விஷயம் போய்விட்டது. அண்ணன் சமாளித்துப் பார்த்தார். "குப்பன்னா எருபா! எரு இலாகா! நம்ப பயிருக்குப் போடறோமே, அதான்!" கொஞ்ச நேரம் அது எடுபட்டது. நாலு பேர் என்னிடம் வந்து காணிக்கு எத்தனை வண்டி அடிக்கலாம் என்றுகூடக் கேட்டார்கள். மறுநாள் காலையில் ரோஸ் காகிதத்தில் ஏகாம்பரத்தின் நோட்டீஸ் வந்தது.

'சம்பா என்றார்! சகலரும் நம்பினோம்! அங்கே சம்பா என்றால் குப்பை! வீதியில் குப்பை வாருகிறவன் அண்ணனுக்கா உங்கள் பொன்னான ஓட்டு? சிந்திப்பீர்!'

அண்ணி அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அண்ணன் இன்னொன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மகள் ஒன்றும் புரியாமல், "நான் தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சரியாத்தான் சொன்னே" என்றேன். அதுதான் கஷ்டமே.

6

அன்று மாலை மாரியம்மன் கோயில் மைதானத்தில் அண்ணனுக்குக் கூட்டம். மைக் செட், ட்யூப் லைட், எல்லாம் கடனில்லாமல் ரொக்கமாய். மேடை ஏறும்முன் அண்ணன் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார்.

"தோ பாருபா. ஒரே ஒரு வார்த்த. 'நான் வார்றவன் இல்ல, எழ்தறவன். குப்பயக் கையால தொட்டதே இல்ல.' அவ்ளோதான். சொல்ட்டு எறங்கிடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முக்கால்வாசி உண்மையும்கூட. நான் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவன்தான். அண்ணன் போட்ட சோற்றில் வளர்ந்தவன், அவருக்காக ஒரு வரி சொல்லக் கூடாதா? சொல்லிவிடுவது என்று முடிவுபண்ணிக்கொண்டுதான் மைக்கைப் பிடித்தேன்.

மேடைக்கு முன்னால் எங்கள் தெருக்காரர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். காலனிக்காரர்கள் மைதானத்து ஓரத்தில், புளியமரத்தடியில் நின்றிருந்தார்கள். ட்யூப் லைட் வெளிச்சம் பாதிதான் அங்கே போனது. வேலை முடிந்து நேராக வந்த முனியம்மா துடைப்பத்தை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு நின்றாள். பஸ்ஸில் நிற்கிற மாதிரியே கடைசியில்.

"நான் வார்றவன் இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். பாய்ப் பக்கம் கைதட்டினார்கள். அண்ணன் முகம் மலர்ந்தது.

அடுத்த வரி வரவில்லை. தொட்டதே இல்லை என்று அந்த மரத்தடியைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்ல? அவர்கள் தினமும் தொடுகிறார்கள். வாயில் வந்தது இதுதான்.

"ஒரு நாள் வாரியிருக்கேன். ஆபீசுல எந்த லாரி எந்தத் தெருவுக்குப் போவணும்னு திட்டம் போடச் சொன்னாங்க. சரி, போய்ப் பாத்தாத்தானே தெரியும்னு லாரியில ஏறிட்டேன். அவங்க தொட்டியத் தூக்கறாங்க, நான் சும்மா நிக்கறதான்னு நானும் தூக்கனேன். மத்தியானத்துக்குள்ள இடுப்பு போச்சு. ரெண்டு நாள் படுத்துக்கினேன். வார்றவன்னு நோட்டீசுல போட்டுக்கிறாங்க. அது எனுக்கு ஜாஸ்திங்க. அரை நாள் வேலைக்கு அவ்ளோ பெரிய பேரு எனுக்கு வாணாம்."

புளியமரத்தடியில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. முனியம்மா குரல்தான் முதலில் கேட்டது. "அரை நாளு! எங்க ஊட்டுக்காரரும் மொத நாளு அப்டித்தான் படுத்துக்கினாரு!"

பாய்ப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தி, அண்ணன் கெட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

வீட்டுக்கு வரும்வரை அண்ணன் என்னோடு பேசவில்லை. வந்தும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அண்ணி சோறு போட்டாள், குழம்பு எங்கே என்று நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வராத குறை. இத்தனை செய்த அண்ணனுக்கு ஒரு பொய் சொல்லத் துப்பில்லாமல் போனேனே என்று ஒரு பக்கம். அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் முனியம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இன்னொரு பக்கம். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாம எப்போ வீட்டுக்குப் போறோம்?" என்றாள். அவளுக்கு வீடு என்றால் இங்கே, மலேசியா. அது வேறு சுருக்கென்றது.

7

அண்ணன் ஜெயித்துவிட்டார்.

எங்கள் தெருவில் ஓட்டுகள் பிரிந்து சிதறிப் போயின. காலனி மொத்தமும் ஏணியில் குத்தியிருந்தது. நோட்டீஸ் ஏகாம்பரத்தையே திருப்பிக் குத்திவிட்டது. குப்பை வாருகிறவன் என்பதைத் திட்டாக அச்சடித்தால், வாருகிறவர்களுக்கு ரோஷம் வராதா? அண்ணனுக்கு முதலில் நம்ப முடியவில்லை. பறை அடித்துக்கொண்டு ஊர்வலம் வந்தது. அண்ணன் கழுத்தில் மாலை மேல் மாலை. கூட்டத்தின் நடுவில் என்னைத் தேடிப் பிடித்துத் தோளில் கை போட்டார். "தோத்தேன்னுதான் நெனச்சேன்டா" என்றார். அவ்வளவுதான் பேசினார், எனக்கு அது போதும்.

மறுநாள் காலையில் வீடு முழுக்க ஆட்கள். அண்ணன் நடுவில் நாற்காலியில், கழுத்தில் புது மாலை. தெருக்காரர்கள், கூட்டத்தில் பாயைச் சுருட்டியவர் உட்பட, பெஞ்சில். அண்ணி எல்லாருக்கும் எவர்சில்வர் தம்ளரில் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கொடுத்தாள், இந்தத் தடவை சர்க்கரை தாராளம். அப்போது காலனியிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் முனியம்மா, கையில் ஒரு எலுமிச்சம்பழம். வாசலுக்கு இந்தப் பக்கம் வராமல் வெளியிலேயே நின்று அண்ணனுக்குக் கும்பிடு போட்டாள்.

"நல்லா இருக்கணும் பிரசிடெண்ட்டு."

அண்ணனுக்கு முகமெல்லாம் பல். "சரோஜா, இவங்களுக்கும் காபி குடு" என்றார்.

அண்ணி வாசலுக்கு வந்து, கூரை எரவாணத்தில் செருகியிருந்த அலுமினியத் தம்ளரை எடுத்தாள். விளிம்பு நசுங்கிய தம்ளர். எங்கள் வீட்டில் அது எப்போதும் அங்கேதான் இருக்கும். அது யாருக்கென்று அந்த வீட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அண்ணி அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"இரும்மா" என்றாள் முனியம்மா. "சின்னவருக்கு எதுல குட்த்தீங்க?"

அண்ணிக்குப் புரியவில்லை. "காபியா? எவர்சில்வர் தம்ளர்லதான். ஏன்?"

"ஒண்ணியும் இல்லமா. அவரும் எங்க டிபார்ட்மெண்ட்டுதான? மைக்குல அவரே சொன்னாரு, ஊரே கேட்டுது. எனுக்கும் அதுலயே குட்த்துடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஸ்ஸில் என்னை எழுப்புகிற அதே குரல். ஆனால் அலுமினியத் தம்ளரை வாங்கக் கை நீளவில்லை. பெஞ்சில் ஒருவர் இருமினார். என் கையில் பாதி காபி. குடிப்பதா, கீழே வைப்பதா என்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மைக்கில் பேசிவிட்டு வந்தவன், அந்த எரவாணத்தை அண்ணாந்து பார்க்கவே இல்லையே.

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தன் மாலையில் ஓர் இதழைப் பிய்த்தார். இன்னொன்றைப் பிய்த்தார். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தார்.

"குடு" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அண்ணி உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வரமாட்டாள் என்றே நினைத்தேன். பிறகு எவர்சில்வர் தம்ளரும் டவராவுமாக வந்து நீட்டினாள். முனியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவசரப்படவில்லை. ஒரு ஆற்று ஆற்றினாள், நுரையை ஊதினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, வாய் வைத்தே குடித்தாள்.